ஐடா என்றொரு பெயர்

இக்கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் தமிழாசிரியை அவர்கள், பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அவரவர் பெயரை எழுதி, அதன் பொருளையும் அது நமக்கு வந்த வரலாற்றையும் ஒரு பக்க அளவில் எழுதிவர வேண்டும் என்பதே அது. எளிய வேலை என்று மகிழ்ந்தோம். கயல்விழிகளுக்கும் கலைச்செல்விகளுக்கும் ஐயமே இல்லை. பெயரிலேயே பொருள் இருக்கிறது. ஆரோக்கியமேரிகள் வேளாங்கண்ணிக்குப் போனார்கள். லூர்துமேரிகள் 1858-ஆம் ஆண்டுக்கும் பிரான்சு நாட்டுக் குகைக்கும் போனார்கள். அமலாக்கள் அகராதியைப் புரட்டி, மாசற்றவள் என்று கண்டு பெருமிதம் கொண்டார்கள். ஒருத்தி மட்டும் வெற்றுத்தாளைக் கொண்டுவந்து ஆசிரியையின் மேசைமேல் வைத்தாள். தாளின் தலைப்பில் ஐடா என்று இரண்டே எழுத்துகள். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

அந்தத் தோழிக்குத் தன் பெயர் பிடிக்காது என்பது எங்களுக்கு முன்பே தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து ஐடா சோடா என்று கேலி கேட்டுக் கேட்டு அவள் சலித்திருந்தாள். அந்தக் கேலியில் நாங்களும் பங்குகொண்டவர்கள்தாம் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவள் குடும்பத்தார் கிறித்தவரும் அல்லர். திருச்செங்கோட்டு மலைமேல் அர்த்தநாரீசுவரரை வணங்கும் நெசவாளர் குடும்பம். அப்படியிருக்கத் தனக்கு மட்டும் ஏன் இப்படியொரு பொருளற்ற பெயர் என்பது அவளுடைய வருத்தம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு எழுதுவோரின் பெயர்ப்பட்டியல் அரையாண்டு வாக்கில் அனுப்பப்படும். அதில் எப்படிப் பெயர் பதிவாகிறதோ அப்படித்தான் மதிப்பெண் சான்றிதழில் வரும். பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஆகவே பட்டியல் போகுமுன் அரசிதழில் பெயரை மாற்றிவிட வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் செய்திருக்கிறாள். புதுப் பெயரைக்கூடத் தெரிவு செய்துவிட்டாள். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை செய்யும் அவள் அப்பா பாதி இசைந்துவிட்டார். அவளுடைய அம்மாயி மட்டும் ஒன்றும் பேசாமல் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்களாம். காரணம், அம்மாயியின் பெயரும் ஐடாதான். பேரன், பேத்தி என்னும் சொற்களே பெயரன், பெயர்த்தி என்பவற்றிலிருந்து வந்தவை. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குவோர் என்பது பொருள். அந்த வழக்கப்படி வந்த பெயர் இது.

தமிழாசிரியை வெற்றுத்தாளைக் கண்டு கோபிக்கவில்லை. எங்கள் நால்வரை அவளோடு சேர்த்து, ஐவருமாகத் தேடி எழுதிவரப் பணித்தார்கள். இக்கட்டுரை பிறந்தது அவ்வாறே.

முதலில் பள்ளி நூலகத்துக்குப் போனோம். பொறுப்பிலுள்ள அருட்சகோதரி பெயர் விளக்க நூலொன்றை எடுத்துத் தந்தார்கள். ஐடா என்பது பழைய ஜெர்மானிய மொழிகளிலிருந்து வந்த பெயர். அதன் வேராகிய இத் என்னும் சொல்லுக்கு உழைப்பு, செயல் என்பன பொருள். மதிப்புக்குரிய பெண்ணைக் குறிக்கும் இதிஸ் என்ற பழஞ்சொல்லோடு அதை இணைத்துப் பார்ப்பாரும் உளர். நார்மானியர் இப்பெயரை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றனர். அங்கே அது நடுவில் வழக்கொழிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் தழைத்தது. கவிஞர் டென்னிசன் 1847-இல் வெளியிட்ட இளவரசி என்னும் நெடுங்கவிதையின் தலைவி பெயர் ஐடா. அவள் ஆடவர் அடிவைக்கக் கூடாத ஒரு மகளிர் பல்கலைக்கழகத்தை நிறுவுகிறாள். இதைத் தோழியர் சற்று நினைவில் வைத்துக்கொள்க. பின்னே தேவைப்படும்.

ஐரோப்பாவின் வடகோடியில் பனி சூழ்ந்த பின்லாந்து நாட்டிலும் இப்பெயர் உண்டு. அங்கே முதலெழுத்தை நீட்டி ஈடா என்று ஒலிக்கிறார்கள். தங்கள் எழுத்தில் இகரத்தை இரட்டித்து எழுதுகிறார்கள். நூறாண்டுக்கு முன்பு அந்நாட்டில் பரவலாக வழங்கி, பிறகு பழம்பெயர் என்று ஒதுக்கப்பட்டு, 1990-களில் மீண்டும் பெண் குழந்தைகளுக்கு விரும்பிச் சூட்டப்பட்டது. பின்லாந்தில் நாட்காட்டியின் ஏறத்தாழ ஒவ்வொரு நாளுக்கும் சில பெயர்கள் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பெயருடையோர் அன்று பிறந்தநாள் போலக் கொண்டாடுவர். புனிதர்களின் திருநாள் வரிசையிலிருந்து தோன்றிய வழக்கம் அது. நம் பள்ளியில் அருட்சகோதரிகளின் பெயர் கொண்ட திருநாளன்று நாம் பாட்டுப் பாடி வாழ்த்துகிறோம் அல்லவா? அதைப் போன்றதே. தமிழில் ஈடு என்றால் ஒப்பு. ஈடா என்று நீட்டினால் யாருக்கு யார் ஈடு என்ற கேள்வியாகிவிடுமே என்று எங்களில் ஒருத்தி சொல்ல, நூலகம் என்பதையும் மறந்து சிரித்தோம். யோகாசன வகுப்பில் கேள்விப்படும் இடகலை நாடிக்கும் இதற்கும் உறவில்லை.

இப்பெயரில் புனிதையும் ஒருவர் இருக்கிறார். ஒன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெல்டு என்னும் ஊரில் வாழ்ந்த புனித ஐடா பெருங்குடியில் பிறந்து, கைம்பெண்ணானவர். தமக்கென்று முன்கூட்டியே செய்துவைத்த கல்லறைப் பெட்டியை நாள்தோறும் உணவால் நிரப்பி, அதை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார் என்பது அவரைப் பற்றிய மரபுச் செய்தி. செத்தபின் படுக்க வேண்டிய பெட்டி, உயிரோடிருப்போருக்குச் சோற்றுப் பெட்டியாயிற்று! இதைக் கேட்டபோது எங்கள் தோழியின் முகம் சற்றே மலர்ந்தது.

ஆனால் பெயர் ஜெர்மனியிலிருந்தோ பின்லாந்திலிருந்தோ நேரே திருச்செங்கோட்டுக்கு வந்திருக்க முடியாதே? அது வந்தது வேலூரிலிருந்து. சேலம், நாமக்கல் பகுதியில் உள்ள நமக்கு வேலூர் புதிய ஊரன்று. வீட்டில் யாருக்கேனும் உள்ளூரில் தீராத நோய் என்றால், தட்டு, டம்ளர், போர்வை, பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு, சேலம் சந்திப்பில் இரயிலேறி, ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடியில் இறங்கும் குடும்பங்கள் எத்தனை! அவர்கள் போய்ச் சேரும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தொடங்கியவர்தாம் டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர் அம்மையார். சோபியா என்பது அவருடைய அன்னையாரின் பெயர். அது கிரேக்கச் சொல். ஞானம் என்று பொருள். பெற்றோர் அறிந்து வைத்தார்களோ அறியாமல் வைத்தார்களோ, உழைப்பும் ஞானமும் ஒரே குழந்தையின் பெயரில் சேர்ந்துவிட்டன.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணப் பகுதியில் மருத்துவப் பணி செய்து, பின்னர் சென்னைக்கு வந்தவர். அந்தக் குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் பணியாற்றினர். ஐடாவின் தந்தையாரும் மருத்துவரே.

ஐடா ஆறு வயதுக் குழந்தையாக இருந்தபோது கொடிய பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அதைத்தான் நம் பக்கத்துப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். அன்றைய சேலம் ஜில்லாவும் அதில் மிகவும் அடிபட்டது. பசியால் வாடி வந்த பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுக்கும் வேலை ஐடாவுக்கு. சில பிள்ளைகளுக்கு அதை வாங்கிப் பிடிக்கவும் கையில் வலுவில்லை. வாயில் ஊட்டிவிட வேண்டியிருந்தது. ஆறு வயதில் கண்ட அக்காட்சி அவர் நெஞ்சில் அச்சமாகத் தங்கிவிட்டது.

பின்பு குடும்பம் அமெரிக்கா சென்றது. சில ஆண்டுகளில் தந்தையும் தாயும் ஒருவர்பின் ஒருவராக இந்தியாவுக்குத் திரும்பிவிட, ஐடா உறவினர் வீட்டில் விடப்பட்டார். அன்னையார் புறப்பட்டுச் சென்ற இரவில் அவருடைய தலையணையில் முகம் புதைத்து அழுதாராம். இந்தியாதான் தம் பெற்றோரைத் தம்மிடமிருந்து பறித்தது என்ற மனத்தாங்கல் அவருக்கு. நார்த்பீல்டு என்னுமிடத்தில் இருந்த மகளிர் பள்ளியில் தங்கிப் படித்தார். குறும்பில் முதலிடம். விடுதி மாணவியர் யாரேனும் இதைப் படித்தால் ஆறுதல் கொள்ளலாம். ஸ்கடர் குடும்பத்தாரெல்லாம் போதகராகவோ மருத்துவராகவோ ஆகிறார்களே, தாம் மட்டும் அப்படி ஆவதில்லை, நல்ல இடத்தில் மணம் செய்துகொண்டு அமெரிக்காவிலேயே வசதியாக வாழ்வது என்று உறுதி கொண்டிருந்தார். மாபெரும் மனிதர்கள் தொட்டிலிலேயே பெரியவர்களாகப் பிறந்தார்கள் என்று எழுதுவோர் உண்டு. ஐடா அப்படிப் பிறக்கவில்லை. அதனாலேயே அவரை எங்களுக்குப் பிடித்தது.

1890-ஆம் ஆண்டில், இருபதாம் வயதை எட்டும் நேரத்தில், அன்னையாருக்கு உடல்நலம் குன்றியதாகச் செய்தி வந்தது. கொஞ்ச காலம் இருந்து கவனித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றெண்ணி இந்தியாவுக்கு வந்தார். அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தனர். அங்கேதான் அந்த இரவு வந்தது.

ஐடா தம் அறையில் விளக்கடியில் உட்கார்ந்திருந்தார். யாரோ கதவைத் தட்டினார்கள். ஓர் இளம் பிராமணர். அவருடைய மனைவி, பதினான்கு வயதுச் சிறுமி என்று சொல்வர், பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். எங்களைவிட ஓராண்டு இளையவள்! மருத்துவச்சியால் ஒன்றும் இயலவில்லை. ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சினார். தமக்கு மருத்துவம் தெரியாது, தம் தந்தையார்தாம் மருத்துவர், அவரை அழைத்துவருகிறேன் என்றார் ஐடா. அந்த மனிதர் திகைத்துப் பின்வாங்கினார். அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்கு அவர் குல வழக்கம் இடம் தராது. அதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிப் போய்விட்டார்.

சிறிது நேரத்தில் மறுபடியும் கதவு தட்டப்பட்டது. இம்முறை ஒரு முஸ்லிம். அவர் மனைவிக்கும் அதே துன்பம். அவருக்கும் அதே மறுமொழி. ஐடா தந்தையாருடன் தாமும் துணைக்கு வருவதாகச் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. அதே இரவில் மூன்றாம் முறையும் தட்டல் கேட்டது. மூன்றாமவர் முதலியார் சமூகத்தைச் சேர்ந்தவர். அவரும் தலை குனிந்து இருளில் நடந்துவிட்டார்.

ஐடா அன்றிரவு உறங்கவில்லை. பொழுது விடிந்ததும் தெருவில் பறையொலி கேட்டது. பணியாளை அனுப்பி விசாரிக்கச் சொன்னார். அவர் திரும்பி வந்து சொன்ன செய்தி, மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்பதே.

இதைப் படித்தபோது எங்களுக்குள் ஒரு வழக்காடல் எழுந்தது. அந்த மூன்று கணவர்மேல் எங்களில் இருவருக்குக் கடுங்கோபம். மற்றொருத்தி, அவர்களும் நள்ளிரவில் உதவி தேடி ஓடிவந்தவர்கள்தாமே, தாங்கள் கட்டிய சுவருக்குள் தாங்களே மாட்டிக்கொண்டவர்கள் என்றாள். எங்கள் தோழி மட்டும் வேறொன்று சொன்னாள். மூன்று பெண்கள் இறந்தார்கள் என்று எல்லா நூலிலும் இருக்கிறது; அவர்கள் பெயர் என்ன என்று ஒரு நூலிலும் இல்லையே என்றாள். பெயரை மாற்றிக்கொள்ளத் துடித்தவள் வாயிலிருந்து அது வந்ததால், நாங்கள் சற்று நேரம் பேசவில்லை.

ஐடா அன்று காலையே பெற்றோரிடம் சென்று, தாம் அமெரிக்கா திரும்பி மருத்துவம் கற்றுவந்து இந்நாட்டுப் பெண்களுக்குப் பணி செய்யப்போவதாகத் தெரிவித்தார். 1895-இல் பிலடெல்பியா நகரின் மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் புதிய மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொள்ள முன்வந்ததும் அங்கே மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். புறப்படுமுன் வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டப் பணம் வேண்டும். நியூயார்க்கில் ஓர் அம்மையாரிடம் அதைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்ததை அடுத்த அறையிலிருந்து கேட்டுவிட்டார் ஷெல் என்னும் வங்கித் தலைவர். மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். இறைவன் சில வேளைகளில் மெல்லிய சுவர்களையும் பயன்படுத்துவார் போலும்.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டாக்டர் ஐடா வேலூருக்கு வந்து சேர்ந்தார். தந்தையாரின் அருகிலிருந்து தொழில் பழகலாம் என்றெண்ணியிருந்தார். அதே ஆண்டில் தந்தையார் காலமானார். இளம்பெண் ஒருத்தி மருத்துவர் என்றால் நம்புவார் யார்? முதலில் கூட்டமில்லை. வீட்டிலேயே ஒரு சிறிய அறை மருந்தகமாயிற்று. பின்னர் ஒருவர் சொல்லி ஒருவர் வர, முதல் இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 5000 பேருக்கு மருத்துவம் செய்தார். 1902-இல் நாற்பது படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆரணி சாலையில் இன்று கண் மருத்துவமனையாக விளங்குவது அதுவே.

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களை என் செய்வது? அவர்களிடம் மருத்துவமனையே போகட்டும் என்று புறப்பட்டார். முதலில் மாட்டுவண்டி. 1909-இல் பிரான்சு நாட்டுப் பெஜோ மோட்டார் வண்டி ஒன்று வந்தது. அதுவரை மோட்டார் வண்டியைக் கண்டறியாத கிராமத்தார் பேய் வருகிறது என்று வயலுக்குள் ஓடினார்களாம். ஓடியவர்களே பிறகு வாரந்தோறும் புளியமரத்தடியிலும் ஆலமரத்தடியிலும் காத்திருந்தார்கள். வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலை ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அந்தச் சாலை நெடுகக் குறித்த இடங்களில் வண்டி நிற்கும். புண் கழுவுவதும் மருந்து கொடுப்பதும் பல் பிடுங்குவதும் மரத்தடியிலேயே நடக்கும். மிகவும் இயலாதவரை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு திரும்புவார். குடியாத்தம் என்ற ஊரை மறவாதீர்கள், தோழியரே.

அதே 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியும் தொடங்கப்பட்டது. ஆயினும் இரண்டு கையால் எத்தனை பேரைக் காக்க முடியும்? திண்டிவனத்தில் ஒரே இரவில், ஒரே ஊரில் மூன்று பேர். அப்படியானால் நாடு முழுவதும்? இந்த நாட்டுப் பெண்களே மருத்துவராக வேண்டும் என்று எண்ணினார். அரசு மருத்துவத் துறைத் தலைவர் பெண்கள் சேர மாட்டார்கள் என்றே ஐயுற்றார். 1918 ஆகஸ்டு 12-ஆம் நாள் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. சேர்க்க இடமில்லாமல் பலரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. வாடகைக் கட்டடம், ஒரு நுண்ணோக்கி, சில எலும்புகள், விரல்விட்டு எண்ணத்தக்க புத்தகங்கள். ஆண்கள் படிக்கும் பள்ளிகளில் பெரும்பாலோர் தோற்றுப்போகும் தேர்வு அது. ஒருவரிருவர் தேறினாலே பெரிது என்று அம்மையாரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். வேலூர்ப் பெண்கள் எல்லாருமே தேறிவிட்டார்கள்! 1922-இல் முதல் அணியாகப் பதினான்கு பேர் மருத்துவராகி வெளியேறினர். கவிதையில் டென்னிசன் படைத்த ஐடா, மகளிர் கல்விக்கூடம் நிறுவியதை முன்னே சொன்னோம். கற்பனையில் அந்தக் கல்விக்கூடம் நிலைக்கவில்லை. வேலூரில் நிலைத்துவிட்டது.

1930-களின் இறுதியில் பேரிடர் ஒன்று. பட்டயப் படிப்பு இனிச் செல்லாது, பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரியாக உயர்த்த வேண்டும், இல்லையேல் மூட வேண்டும் என்று சென்னை மாகாண அரசு முடிவு செய்தது. கட்டடம், கருவி, பேராசிரியர் எல்லாவற்றுக்கும் பெரும்பொருள் வேண்டும். அம்மையாருக்கு எழுபது வயது. 1941-இல் அமெரிக்கா சென்று, போர்க்காலத்தில், ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் மேலும் பல திருச்சபைகள் உதவும் என்ற நிலை வந்தது. பெண்களுக்கென்றே தொடங்கியதில் ஆண்களா என்று அவருடைய பழைய தோழியர் சிலர் வருந்தினர், பிரிந்தும் போயினர். அவருக்கும் முதலில் மனமில்லை. இறுதியில் பள்ளி பிழைக்க வேண்டும் என்று இசைந்தார். 1942-இல் பட்டப் படிப்பு தொடங்கியது. 1947-இல் ஆடவரும் சேர்ந்தனர். அவர் செய்தது சரிதானா என்று எங்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்தில்லை. ஆனால் நாம் நோயாளியாகக் காட்பாடியில் இறங்கும்போது யார் மருத்துவர் என்றா பார்க்கிறோம்?

கல்லூரி பெருகியது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தும் பணியை 1940-களின் இறுதியில் அங்கே தொடங்கியவர் டாக்டர் பால் பிராண்ட். அவர் 1914-இல் பிறந்தது, நாமக்கல்லிலிருந்து நாம் நாள்தோறும் காணும் நம் கொல்லிமலையில்! அம்மையாரின் சகோதரர் மகளும் அங்கே மருத்துவராக வந்து கதிரியக்கப் பிரிவை வளர்த்தார். அவர் பெயர் ஐடா பெல் ஸ்கடர். அத்தையின் பெயரை மருமகளுக்கு வைத்திருக்கிறார்கள். பெயர்த்தி வழக்கம் அமெரிக்காவிலும் இருக்கிறது போலும்.

1946-இல் ஓய்வு பெற்று அம்மையார் கொடைக்கானலில் தங்கினார். அவர் டென்னிஸ் ஆடுவதில் வல்லவர். அறுபது வயது கடந்தபின் ஒரு போட்டியில் ஓர் இளம்பெண், கிழவியோடு ஆட வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்தாளாம். அது காதில் விழுந்ததும் அம்மையார் அவளைத் தோற்கடித்தார் என்று சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் மேலுறையில் எழுதிய கடிதம் அவரிடமே வந்து சேர்ந்த செய்தியும் பலரும் அறிந்தது. ஊரில்லை, தெருவில்லை, முழுப் பெயர்கூட இல்லை. கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில் அந்த இரண்டெழுத்தே முகவரியாயிற்று. 1960-ஆம் ஆண்டு மே மாதம், எண்பத்தொன்பதாம் வயதில் அவர் கொடைக்கானலில் மறைந்தார். உடல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐவரும் திருச்செங்கோட்டுக்குப் போய் அம்மாயியைப் பார்த்தோம். தறிச் சத்தம் ஓய்ந்த நேரத்தில் அவர்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டே தம் கதையைச் சொன்னார்கள். பிறந்த ஊர் குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமம். ஆண்டு 1944. அவர்களுடைய தாயார் அதற்குமுன் இரண்டு பிள்ளைகளை வீட்டுப் பிரசவத்தில் பறிகொடுத்தவர். மூன்றாம் முறையும் இரண்டு நாள் வலி. தகப்பனார் பிறர் தடுத்தும் கேளாமல் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி வேலூருக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு பெண் மருத்துவர் தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தார். பிள்ளைக்கு அந்த மருத்துவரின் பெயரையே வைக்க வேண்டும் என்று தகப்பனார் நின்றாராம். அந்த மருத்துவரோ, தாம் செய்தது தம் ஆசிரியை கற்றுக்கொடுத்ததைத்தான், ஆசிரியை இப்போது பணம் திரட்டக் கடல் கடந்து போயிருக்கிறார், பெயர் வைப்பதானால் அவர் பெயரை வையுங்கள் என்றாராம். அம்மாயி அந்த ஆசிரியையைத் தம் வாழ்நாளில் ஒருமுறையும் பார்த்ததில்லை.

மணமாகி இந்தப் பக்கம் வந்தபின் அந்தப் பெயர் பட்ட பாட்டையும் சொன்னார்கள். ஊரார் ஐடம்மா என்றார்கள். குடும்ப அட்டையில் ஐயிடம்மாள் என்று இருக்கிறது. மலைக்கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொன்னால் குருக்கள் இரண்டு முறை கேட்பாராம். நாங்கள் நூலகத்தில் கண்ட பொருளைச் சொன்னோம். உழைப்பு என்று கேட்டதும் அம்மாயி தம் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். அறுபதாண்டு தறி நெய்த கை. பின்லாந்துப் பெண்களுக்கும் இதே பெயர் என்றபோது, அங்கே வெயில் அடிக்குமா என்று மட்டும் கேட்டார்கள்.

திரும்பும் பேருந்தில் எங்கள் தோழி ஒன்றும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மறுநாள் அந்த வெற்றுத்தாளை ஆசிரியையிடமிருந்து வாங்கிக்கொண்டு போனாள். நிரப்பித் திருப்பிக் கொடுத்தபோது பின்பக்கமும் எழுதியிருந்தது.

பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் சரிபார்ப்புக்கு வந்த நாளில் வரிசையாக நின்றோம். தன் முறை வந்ததும் அவள் குனிந்து பார்த்தாள். தட்டச்சில் தவறி இடா என்று விழுந்திருந்தது. பேனாவை வாங்கினாள். இகரத்தை ஒரே கோட்டில் அடித்து, அதன்மேல் ஐ என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் கையொப்பமிட்டாள்.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு